கரை யாருக்குச் சொந்தம்?

சென்னைப் பட்டணத்தில் மழை பெய்தால் வெள்ளம். பெய்யாவிட்டால் குடிதண்ணீர்ப் பஞ்சம். நாலே வருஷத்துக்குள் இந்த இரண்டு அவதியையும் அந்த ஊர் ஜனங்கள் பட்டுத் தீர்த்தார்கள். 2015-ஆம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் சுமார் 49 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றின் இரு கரையிலும் குடிசையென்றும் மாடியென்றும் பாராமல் வெள்ளம் புகுந்தது. நூற்றுக்கணக்கான பேர் மாண்டார்கள். 2019-ஆம் வருஷம் ஜூன் மாதத்திலோ பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நாலு ஏரிகளும் வறண்டு, ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற வேண்டியதாயிற்று.

இதற்குக் காரணம் என்ன என்று கேட்டால் நம் நாட்டில் இரண்டுவிதப் பதில் எப்போதும் தயாராயிருக்கின்றது. ஒன்று வைதிகர் பதில்: "வருண பகவானின் கோபம்" என்பது. மற்றொன்று படித்த கனவான்களின் பதில்: "எதிர்பாராத இயற்கைச் சீற்றம்" என்பது. இவையிரண்டும் ஒன்றே என்பதுதான் நமது அபிப்பிராயம். முன்னவர் பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு குற்றத்தை ஆகாயத்தின் மேல் போடுகின்றார். பின்னவர் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு அதே ஆகாயத்தின் மேல் போடுகின்றார். உண்மைக் குற்றவாளியோ ஆகாயத்தில் இல்லை. அவன் பூமியிலேயே, பட்டாவும் பத்திரமும் வைத்துக்கொண்டு, வரியும் கட்டிக்கொண்டு சௌக்கியமாய் உட்கார்ந்திருக்கின்றான்.

முதலில் வருண பகவானை விசாரிப்போம். 2019-இல் மழை வேண்டிக் கோவில்களில் யாகமும் வருண ஜபமும் நடத்தவேண்டுமென்று உத்தரவு போட்டது ஏதோ ஒரு மடாதிபதியல்ல. அறநிலையத்துறை என்னும் சர்க்கார் இலாகா. நந்தியைச் சுற்றித் தொட்டி கட்டி அதன் கழுத்து மட்டும் தண்ணீர் நிரப்பவேண்டும் என்றும், அமிர்தவர்ஷிணி, மேகவர்ஷிணி முதலிய ராகங்களை வாசிக்கவேண்டும் என்றும் அவ்வுத்தரவு சொல்லிற்று. குடிக்கத் தண்ணீரில்லாமல் தாய்மார்கள் குடத்தோடு தெருவில் நிற்கையில், கல் மாட்டின் கழுத்து மட்டும் தண்ணீர்! ராகம் பாடி மழை வருமானால், ஏரியும் வேண்டாம், மதகும் வேண்டாம். ஊருக்கு ஒரு நாதஸ்வரக்காரரை நியமித்துவிட்டுப் பொதுப்பணி இலாகாவை மூடிவிடலாமே! அன்றியும், ஜபத்துக்கு மழை வருவது உண்மையானால் 2015-இல் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்யும்படி ஜபம் செய்த மகானுபாவர் யார்? அவர் மேல் கேஸ் போட வேண்டாமா என்று கேட்கின்றோம்.

மழையின் கணக்கு வேறு. கடல் நீர் ஆவியாகி, காற்று அதைச் சுமந்து வந்து கொட்டுகின்றது. காற்றின் சூடு ஒரு டிகிரி சென்டிகிரேட் ஏறினால் அது சுமக்கக்கூடிய நீராவி சுமார் 100-க்கு 7 பங்கு கூடும். நிலக்கரியும் எண்ணெயும் எரித்துப் புகையை விட்டதனால் பூமியின் சராசரிச் சூடு, 1850-க்கும் 1900-க்கும் இடைப்பட்ட காலத்தில் இருந்ததைவிட ஒரு டிகிரிக்கு மேல் ஏறிவிட்டது. 1901 முதல் 2018 வரையில் உலகக் கடல் மட்டம் சராசரி சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கின்றது. இவை 2021-இல் உலக விஞ்ஞானிகளின் சபை வெளியிட்ட அறிக்கையில் உள்ள கணக்கு. ஆகவே கொட்டும் மழை முன்னைவிடப் பலமாய்க் கொட்டும். கடலும் முன்னைவிட மேலே நின்றுகொண்டு, ஆற்று நீரைச் சீக்கிரம் வாங்கிக்கொள்ளாது. இது தெரிந்த பிறகும் "எதிர்பாராதது" என்று சொல்லுவது எந்த யோக்கியதையில் சேர்ந்தது?

சரி, மழை அதிகமாய்ப் பெய்தது. பெய்த தண்ணீர் எங்கே போகவேண்டும்? இதை நமது கிராமவாசிகளைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். மேல் ஏரி நிரம்பினால் கலிங்கு வழியாய் அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்கு. கடைசியில் ஆற்றுக்கும் கடலுக்கும். செங்கல்பட்டுச் சீமை முழுவதும் இப்படிச் சங்கிலிபோல் ஏரிகளை வெட்டி வைத்தவர்கள் எந்தச் சர்வகலாசாலையிலும் படித்தவர்களல்ல. சங்கிலியில் ஒரு கண்ணியை அறுத்தால் என்ன ஆகும் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பட்டணம் அந்தக் கண்ணிகளை ஒவ்வொன்றாய் அறுத்தது.

இதில் நம்மவர்களை விட்டுவிட்டுப் பிறரை மட்டும் குறை சொல்ல நாம் தயாராயில்லை. மயிலாப்பூருக்கும் மாம்பலத்துக்கும் இடையில் நெடிய ஏரி என்று ஒன்றிருந்தது. அதைத் தூர்த்து 1920-களில் ஒரு நகரம் எழுப்பப்பட்டது. அப்போது ஆட்சியில் இருந்தது நீதிக்கட்சி. அந்த நகரத்துக்கு வைத்த பெயர் தியாகராயர் பெயர். அதன் நடுவிலுள்ள தோட்டத்துக்குப் பனகால் அரசர் பெயர். நாம் மதிக்கும் பெயர்கள்தான். ஆனால் பெயர் நல்லதாயிருப்பதால் ஏரி திரும்பி வராது. 1970-களில் வள்ளுவருக்குக் கோட்டம் கட்டியதும் நுங்கம்பாக்கம் ஏரி கிடந்த இடத்திலேயே. இன்றைக்கும் மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இருக்கின்றது. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்டு ரோடு என்று ஒரு தெரு இருக்கின்றது. ஏரியும் இல்லை, கரையும் இல்லை. பெயர்ப் பலகை மட்டும் செத்தவனுக்கு நட்ட கல்லைப்போல் நிற்கின்றது. அன்று மழையின் கணக்கு தெரியாமல் செய்தார்கள் என்று சமாதானமாவது சொல்லலாம். தெரிந்த பிறகும் செய்தவர்களுக்கு என்ன சமாதானம்?

பள்ளிக்கரணைச் சதுப்பைப் பாருங்கள். சுமார் 30 ஏரிகளின் மிச்ச நீர் அங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாய்ப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போகவேண்டும். ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் இருந்ததாகச் சொல்லப்படும் அந்தச் சதுப்பில் மிச்சமிருப்பது ஒரு சிறு பாகம். அதன்மேல் பெருங்குடிக் குப்பைமேட்டைக் கொட்டியது நகரசபை; சாலையும் கட்டடமும் போட்டது சர்க்கார்; கம்பெனிகளுக்கு மாளிகை கட்டிக் கொடுத்தது பணம். எல்லாம் முடிந்தபிறகு 2022-இல் அதற்கு ராம்சார் என்னும் சர்வதேசக் கௌரவம் கிடைத்ததென்று மகிழ்ச்சி கொண்டாடினார்கள். கையையும் காலையும் வெட்டிவிட்டு மார்பில் மெடல் குத்துவதுபோலல்லவா இது!

பக்கிங்காம் கால்வாயின் கதியோ இன்னும் விசேஷம். பறக்கும் ரயிலுக்கு நிலம் வாங்கினால் செலவாகும் என்று, கால்வாயின் வயிற்றிலேயே தூண்களை நட்டார்கள். விமான நிலையத்தின் ஓடுபாதையை அடையாற்றின் குறுக்கே நீட்டினார்கள். 2015-இல் ஆறு அந்த ஓடுபாதையின் மேல் ஏறி வந்து விமான நிலையத்தைப் பல நாள் மூடவைத்தது. ஆறு யாருடைய வீட்டுக்குள்ளும் புகவில்லை. தன் வீட்டுக்குத்தான் திரும்பி வந்தது. மத்திய கணக்குத் தணிக்கை அதிகாரியின் அறிக்கையும் அந்த வெள்ளத்தை மனிதரால் விளைந்த கேடு என்றுதான் 2018-இல் சட்டசபைக்குச் சொல்லிற்று.

நிற்க. இந்த இடத்தில்தான் நமது முக்கியமான கேள்வி பிறக்கின்றது. இத்தனை ஏரியும் சதுப்பும் பட்டப்பகலில் மறைந்தனவே, கேட்பார் ஏன் இல்லை? கரை பொதுவாயில்லாமற் போனதுதான் காரணம் என்று நாம் சொல்லுகின்றோம். கிராமத்து ஏரிக்கரையில் தினம் நூறு பேர் நடக்கின்றார்கள். மாடு ஓட்டுகிறவன், துணி வெளுக்கிறவன், மீன் பிடிக்கிறவன், வயலுக்குப் போகிறவள் என எல்லோருக்கும் அது வழி. கரையில் ஒரு விரல் அளவு கசிந்தாலும் பொழுது சாய்வதற்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். சுவர் எழுப்பி, கேட்டுப் போட்டு, காவற்காரனை நிறுத்திய கரையிலோ இரவில் நூறு லாரி மண் கொட்டினாலும் யாருக்கும் தெரியாது. தண்ணீருக்கு இடமில்லாமல் செய்தவனும் ஜனங்களுக்கு வழியில்லாமல் செய்தவனும் ஒருவனே; இரண்டுக்கும் அவன் போட்டது ஒரே சுவர்.

கரையை மறிக்கும் வித்தை நம் நாட்டுக்குப் புதிதல்ல. அதைக் கற்றுக்கொடுத்தது வருணாசிரமம். ஊர்க்குளத்தில் எருமை இறங்கலாம், நாய் இறங்கலாம், தீண்டப்படாதவன் என்று பெயர் வைக்கப்பட்ட மனிதன் மட்டும் இறங்கக்கூடாது என்று சட்டம் செய்த நாடு இது. 1927-ஆம் வருஷம் மார்ச்சு 20-ந் தேதி மகாட் என்னும் ஊரில் தோழர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு பொதுக் குளத்துக்கு நடந்துபோய் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். உடனே அந்தக் குளம் தீட்டுப்பட்டுவிட்டதென்று சாணியும் கோமூத்திரமும் ஊற்றிச் "சுத்தம்" செய்தார்கள். மனிதன் கை பட்டால் அசுத்தம். சாணியைக் கரைத்தால் சுத்தம்! இது பழங்கதை என்று யாரும் தப்பித்துக்கொள்ள வேண்டாம். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை ஜில்லா வேங்கைவயலில் தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கும் தொட்டியில் மலத்தைக் கலந்தது எந்த நூற்றாண்டு என்று கேட்கின்றோம். அந்தக் காலத்தில் "தீட்டு" என்று சொல்லி விரட்டினார்கள். இந்தக் காலத்தில் "அழகு" என்றும் "சிங்காரம்" என்றும் சொல்லி விரட்டுகின்றார்கள். வார்த்தை மாறிற்றேயொழிய, விரட்டப்படுகிறவன் மாறவில்லை.

மெரினாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1880-களில் கவர்னர் கிராண்டு டப் அங்கே உலாவும் பாதை போட்டார். அவருக்கு முன்னாலிருந்தே அங்கே மீனவர் குப்பங்கள் இருந்தன. அந்தக் கடற்கரை அவ்வளவு அகலமாய் இருப்பதன் ரகசியமும் சிலருக்கே தெரியும். கடலோரத்தில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருப்பது. 1870-களில் துறைமுகச் சுவர் எழும்பத் தொடங்கியதும் மணல் தெற்கே தங்கிற்று, வடக்கே போகவில்லை. ஆகவே மெரினா வளர்ந்தது. ராயபுரமும் அதன் வடக்கேயுள்ள குப்பங்களும் கடலுக்கு இரையாயின. ஒரு பக்கத்துச் சீமான்கள் காற்று வாங்கும் மணல், மற்றொரு பக்கத்து ஏழையின் வீட்டுத் தரை.

அந்த மெரினாவிலிருந்து கட்டுமரத்தையும் வலையையும் அகற்றவேண்டுமென்று 1985-இல் சர்க்கார் கிளம்பியபோது துப்பாக்கிப் பிரயோகம் நடந்து மீனவர்கள் செத்தார்கள். 2023 ஏப்ரலில், படகு நிறுத்தி வலை உலர்த்திய மணலில் பிற்காலத்தில் போடப்பட்ட லூப் ரோட்டில், மீன் விற்ற பெண்களின் கடைகளைப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று அகற்றினார்கள். மீனவர்கள் சாலையில் உட்கார்ந்து போராடினார்கள். 2024-இல் ஒரு மார்க்கெட்டுக் கட்டடம் கட்டிக் கொடுக்கப்பட்டது. கட்டடம் கிடைத்ததில் நமக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் ரோட்டுக்கு மீன்காரி இடைஞ்சலா, மீன்காரிக்கு ரோடு இடைஞ்சலா என்று முதலில் யாராவது கேட்டார்களா?

இதே கடற்கரைக்கு ஒரு களிமண் பொம்மை வரும்போது நடக்கும் உபசாரத்தையும் பார்க்க வேண்டும். பிள்ளையார் சதுர்த்தி முடிந்ததும் பட்டினப்பாக்கத்துக்கும் நீலாங்கரைக்கும் காசிமேட்டுக்கும் லாரி லாரியாய்ச் சிலைகள் வருகின்றன. போக்குவரத்தைத் திருப்பிவிடுகிறார்கள், போலீசு காவல் வருகின்றது, தூக்கிப் போடக் கிரேன் நிற்கின்றது. சாயமும் சாந்தும் தண்ணீரில் கரைகின்றன. ஒரு நாளைக்கு வந்து மூழ்கிப்போகும் பொம்மைக்குக் கடலுக்குப் போக ராஜபாட்டை! வருஷம் முழுவதும் அந்தக் கடலில் உயிரைக் கொடுத்துப் பிழைக்கும் மனிதனுக்கு ஆக்கிரமிப்புக்காரன் என்ற பட்டம்!

இன்னொரு வேடிக்கை. வெள்ளம் வந்ததும் சர்க்கார் கண்ணுக்கு முதலில் படுவது ஆற்றங்கரைக் குடிசைதான். 2015-க்குப் பிறகு கூவம், அடையாற்றங்கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் எங்கே இருக்கின்றன? பள்ளிக்கரணைச் சதுப்பை அடுத்த பள்ளத்தில். மழைக் காலத்தில் அங்கேயும் முழங்கால் தண்ணீர். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகின்றோம் என்று சொல்லி ஒரு வெள்ளத்திலிருந்து எடுத்து மற்றொரு வெள்ளத்தில் போட்டதோடல்லாமல், வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இருபது கிலோமீட்டருக்கு மேல் அலையவும் வைத்தார்கள். ஓடுபாதையை அகற்றினார்களா? தூணைப் பிடுங்கினார்களா? சதுப்பின் மேலுள்ள மாளிகைகளில் ஒரு கல்லையாவது தொட்டார்களா? மனு தர்மத்தில் ஒரே குற்றத்துக்கு ஜாதிக்கு ஒரு தண்டனை என்று இருப்பதை நாம் கண்டித்து வருகின்றோம். ஆக்கிரமிப்புச் சட்டத்தில் பணத்துக்கு ஒரு தண்டனை என்றிருந்தால் அதையும் கண்டிக்கத்தானே வேண்டும்?

"அப்படியானால் ஏழைகள் ஆற்றங்கரையிலேயே கிடந்து வெள்ளத்தில் சாகட்டும் என்கிறீர்களா?" என்று சிலர் கேட்கலாம். நாம் அப்படிச் சொல்லவில்லை. ஆறு ஓட வேண்டிய இடத்தில் எந்த வீடும் இருக்கக்கூடாது என்றே சொல்லுகின்றோம். "எந்த வீடும்" என்பதில் பங்களாவும் சேர்த்தி. நகர்த்த வேண்டிய குடும்பத்தை அதன் சம்மதத்தோடு, பிழைப்புக்கு அருகில், மேட்டு நிலத்தில் குடியேற்ற வேண்டும் என்று சொல்லுகின்றோம். காலி செய்த கரையைச் சீமான்களின் தோட்டமாய் வேலி போட்டு அடைக்கக்கூடாது என்று சொல்லுகின்றோம்.

இது ஆகாத காரியமா? ஹாலந்து தேசத்தைப் பாருங்கள். அந்நாட்டில் சுமார் நாலில் ஒரு பாகம் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கின்றது. 1953-இல் கடல் புகுந்து 1,836 பேர் அங்கே மாண்டார்கள். அந்த மக்களிடமும் வேதமும் கோவிலும் உண்டு. ஆனால் அணைக்கட்டுக்குப் பதிலாய் அவர்கள் ஜபத்தை நம்பவில்லை. பிறகு சுவரை உயர்த்திக்கொண்டே போனால் மட்டும் போதாது, ஆற்றுக்கு இடம் விடவேண்டும் என்று கண்டு, முப்பதுக்கு மேற்பட்ட இடங்களில் வேலை செய்தார்கள். நைமேகன் என்னும் ஊரில் வால் நதியின் கரையை 350 மீட்டர் பின்னுக்குத் தள்ளி, புதுக் கிளை ஆறு வெட்டினார்கள். சுமார் 50 வீடுகள் போயின. வெள்ளம் வந்தால் அந்த இடம் ஆற்றுக்கு. வெள்ளம் இல்லாத நாளில் அது ஊராருக்கு நடக்கவும் நீந்தவும் விளையாடவும் பொது இடம். நீருக்கு இடமும் ஜனங்களுக்கு வழியும் ஒரே வேலையில் கிடைத்தன.

நம் ஊரிலும் மனசிருந்தால் முடியும் என்பதற்கு அத்தாட்சி இருக்கின்றது. கிண்டியில் குதிரைப் பந்தயத்துக்கென்று 1945-இல் குத்தகைக்கு விடப்பட்டிருந்த சுமார் 160 ஏக்கரை 2024-இல் சர்க்கார் எடுத்துக்கொண்டு, அங்கே மழைநீருக்குக் குளங்கள் வெட்டினார்கள். குதிரை ஓடிய இடத்தில் தண்ணீர் நிற்பது நல்ல காரியம். ஆனால் அதன் கரையில் வேளச்சேரிக் கூலிக்காரனும் பிள்ளைகுட்டியோடு உட்காரலாம் என்று ஆகும் வரையில் நாம் கைதட்டப் போவதில்லை.

சட்டமும் நம் பக்கம் இருக்கின்றது. பியாஸ் ஆற்றங்கரையில் ஒரு விடுதிக்காக ஆற்றின் போக்கையே திருப்பிய வழக்கில், ஆறும் கடற்கரையும் ஜனங்களின் பொதுச் சொத்து, சர்க்கார் அதற்குத் தர்மகர்த்தா மட்டுமே என்ற கொள்கையை 1996-இல் சுப்ரீம் கோர்ட்டு ஒப்புக்கொண்டது. கடற்கரைக் கட்டுப்பாட்டு உத்தரவு 1991 முதல் இருக்கின்றது. அதை 2019-இல் பல இடங்களில் தளர்த்தினார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. ஏரி ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழ்நாட்டில் 2007-ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கின்றது. தர்மகர்த்தாவே சொத்தை விற்றால் என்ன செய்வது என்பது கோவில் சொத்து விஷயத்தில் நமக்குத் தெரிந்த பாடம்தான். கணக்குக் கேட்க வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது அதிகமல்ல. ஆறு, ஏரி, சதுப்பு, கடல் இவற்றின் எல்லையை அளந்து கல் நட்டு, வரைபடத்தை ஒவ்வொரு ஊரிலும் தமிழில் ஒட்டவேண்டும். ஆக்கிரமிப்பை எடுப்பதானால் பெரியதிலிருந்து தொடங்கவேண்டும். சர்க்கார் கட்டடமே முதலாவதாயிருக்கட்டும். கரை நெடுக, கட்டணமும் கேட்டும் ஜாதிக் கேள்வியும் இல்லாத நடைவழி வேண்டும். கடற்கரையில் முதல் உரிமை அதில் பிழைக்கிறவனுக்கு. பொழுதுபோக்க வருகிறவனுக்கு அடுத்தது. மழைக்கு யாகம் என்று சர்க்கார் இலாகா இனி ஒரு காசும் செலவழிக்கக்கூடாது; அந்தக் காசுக்கு வாய்க்கால் தூர் எடுக்கட்டும்.

தோழர்களே! இது பட்டணத்தார் விவகாரம் என்று கிராமத்தார் சும்மா இருக்கவேண்டாம். உங்கள் ஊர் ஏரியின் பரப்பு தாலுகா ஆபீசு "அ" பதிவேட்டில் இருக்கின்றது. தகவல் உரிமைச் சட்டத்தின்படி மனுப் போட்டு அதை வாங்குங்கள். வாங்கியதை எடுத்துக்கொண்டு, சேரியாரும் ஊராரும் ஒன்றாய்க் கரையைச் சுற்றி ஒரு தடவை நடந்து பாருங்கள். காகிதத்தில் இருக்கும் ஏரி மண்ணில் எவ்வளவு குறைகின்றது என்பதைக் கிராம சபையில் எழுந்து கேளுங்கள். சேரியான் எங்களோடு கரையில் நடப்பதா என்று எவனாவது முகம் சுளித்தால், ஏரியை முதலில் திருடியவன் அவனுடைய அந்தப் புத்திதான் என்று அவனுக்குச் சொல்லுங்கள். அடுத்த ஐப்பசி மழை வருவதற்குமுன் இந்தக் காரியம் நடக்கவேண்டும். மழை நல்ல நேரம் பார்த்து வராது. நாமும் நல்ல நேரம் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை.